கதவில் ஐந்து விதிகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. திங்கட்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் பள்ளியின் இரண்டாவது கணினி அறையில் பதினொரு மவுஸ்கள் நகரவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருக்கவேண்டிய ரப்பர் உருண்டைகளைக் காணோம்.

2. செவ்வாய்க்கிழமை, கணினித் துறைத் தலைவர் மிஸ்டர் பாஸ்கோ என்னிடம் ஒரு குறுந்தகடு கொடுத்தார். அதிலுள்ள மென்பொருளை நிறுவினால் மாணவர்களின் முப்பது திரைகளும் அவர் அறையிலுள்ள ஒரே திரையில் முப்பது சின்னக் கட்டங்களாகத் தெரியும். எந்தக் கட்டத்தையும் பெரிதாக்கிப் படிக்கலாம். "பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் பிறகு எதற்கு இது?" என்றார்.

3. திரையைப் பார்த்தால் உருண்டை எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

4. புதன்கிழமை நிறுவி முடித்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினேன். பதினேழாம் எண் கணினியில் ஒரு பெண், கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணை எடுப்பதற்குள் மூன்று வரி படித்துவிட்டேன்.

5. வியாழக்கிழமை அதே பெண் என் மேசைக்கு வந்தாள். பெயர் கெர்ரி. வயது பதினைந்து. "மிஸ், அந்த அறையிலிருந்து பார்த்தால் எங்கள் திரை தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன்.

6. அன்று பிற்பகல் என் பெயருக்கு ஓர் உறை வந்தது. என் தகுதிகாண் காலம் இரண்டு வாரத்தில் முடிகிறது. நிரந்தரமாக்கலாமா என்பதை மிஸ்டர் பாஸ்கோ எழுதித் தருவார்.

7. ஏழாவதை ஒரு வரியில் எழுத முடியவில்லை. அது இங்கே நடந்ததும் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன், கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதியில் இருந்த என் பள்ளியில் நடந்தது.

*

இங்கிலாந்துக்கு வந்து நேற்றோடு ஓராண்டு. நாடு முழுவதையும் சொல்லத் தெரியாது. நாங்கள் இருப்பது அதன் தென்மேற்கு மூலை, கார்ன்வால். என் கணவர் சேகர் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பேத்தமங்களாக்காரர். ஆண் நர்ஸா என்று இழுத்துப் பேசிய உறவினர்கள் இப்போது தங்கள் பையன்களுக்கு அந்தப் படிப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். நான் கணினியில் டிப்ளமோ முடித்தவள். பள்ளியில் கணினிப் பராமரிப்பாளர் வேலை. பாடம் நடத்துவதில்லை. இயந்திரங்கள் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலையில் சேர இருபத்திரண்டு பக்க விண்ணப்பம் எழுதினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்' என்று எழுதியதைப் பார்த்த அலுவலகப் பெண், "தங்கம் உங்கள் ஊரில் வயலில் விளையுமா?" என்று சிரிக்காமல் கேட்டாள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை என்பதால், என் மீது வழக்கு எதுவும் இல்லை என்று எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ராபர்ட்சன்பேட்டைக்கு அப்பா நான்கு முறை நடந்தார். நான்காவது முறை இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, "பரவால்ல, சொல்லுங்க. பொண்ணு அங்க போய் இன்னா பண்ணிச்சி?" என்று கேட்டாராம்.

வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் நான்காவது மாடிக்குப் போகவேண்டியிருந்தது. வாயிலில் நின்ற காவலாளியிடம் "கேஜ் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மனிதரை ஏற்றி இறக்குகிற எதுவும் கேஜ்தான். சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டின் பெயர் அது. கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காவலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்றார். இங்கே வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. கடைசியாக இருந்ததும் மூன்று வருடங்களுக்கு முன் மூடப்பட்டுவிட்டது. எங்கள் ஊர்ச் சுரங்கங்களைத் தோண்ட முதலில் வந்த வெள்ளைக்காரர்களில் பலர் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பதை இங்கே வந்தபிறகே அறிந்தேன். லிப்ட் வரை அவரே கூட வந்து பொத்தானை அழுத்தினார்.

இந்த ஊரில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பம் உண்டு. டாக்டர் குடும்பம், மதுரைப் பக்கம். அவர்கள் மகன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். பதின்மூன்று வயது. முதல் வாரம் நடைவழியில் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்து, மிகவும் மரியாதையாக, பள்ளியில் தன்னிடம் தமிழில் பேசவேண்டாம் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டான். அதன்பிறகு பேசுவதில்லை. பார்த்தால் புருவத்தை மட்டும் உயர்த்துவான். எனக்கும் அது பழகிவிட்டது.

நான் பொய் சொன்ன மறுநாள், வெள்ளிக்கிழமை, கடையில் அவன் அம்மாவைப் பார்த்தேன். என் கூடையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டார். "புதுசா எதோ போட்டிருக்கீங்களாமே, பிள்ளைக என்ன பாக்குதுகன்னு தெரியுமாம்ல? எங்க வீட்டுக்காரர்கிட்ட உங்க சார் சொன்னாராம்."

"ம்."

"அப்ப இவன் என்னதான் பாக்குறான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன் தங்கச்சி. வீட்ல வாயத் திறக்க மாட்டேங்குறான். என்ன பேசுறான், யாருகூடப் பேசுறான், ஒண்ணும் தெரியல. ஒரு தடவை. எனக்காக."

அவர் கண் கலங்கியிருந்தது. பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை வெங்காயத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

*

இனி ஏழாவது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு நான்கு கணினிகள் வந்தன. பக்கத்திலிருந்த பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் பயன்படுத்தி முடித்தவை. அறிவியல் சாமான்கள் வைத்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, பச்சைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். இயற்பியல் ஆசிரியர் கோபால் சார் மூன்று வாரப் பயிற்சி முடித்துவிட்டு வந்து பொறுப்பேற்றார். வாரம் ஒரு பீரியட். நாற்பத்திரண்டு பேரும் செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்காருவோம். சார் கரும்பலகையில் கீபோர்டு வரைவார். எங்கே எந்த எழுத்து என்று நாங்கள் எங்கள் தொடையில் தட்டிப் பழகுவோம். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு மெஷினின் துணியை விலக்கிக் காட்டுவார். பிறகு மூடிவிடுவார்.

மூன்றாவது மாதம் ஒரு மவுஸின் உருண்டை காணாமல்போனது.

தலைமை ஆசிரியர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கணினி அறை வாசலில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தின் காவல் பிரிவான வாட்ச் அண்டு வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கப் பாறையை அரைக்கும் மில்லிலிருந்து வெளியே வரும் ஆட்களின் உடம்பில் தங்கம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் பார்த்த வேலை. கையைத் தூக்கு, வாயைத் திற, நாக்கை மடக்கு, காலை உதறு. எங்களில் பாதிப்பேரின் அப்பாக்கள் தினமும் அப்படித்தான் வெளியே வந்தார்கள். இப்போது பையன்களை அவர் தேடினார். பெண்களைத் தேடப் பள்ளி ஆயாவை நிறுத்தினார்கள்.

என் பக்கத்தில் உட்காருபவள் அமலா. அவள் அப்பா டைம் ஆபீஸில் ஷிப்டுக்கு இறங்குபவர்களுக்கு டோக்கன் கொடுப்பவர். அமலாவுக்கு முடி அதிகம். மணிக்கட்டுத் தடிமனுக்குப் பின்னல் இரண்டு. முதல் நாளே ஆயா அவற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு உருண்டை இன்னா, ஒரு தேங்காயே வெக்கலாம், அவுத்துக் காட்டு" என்றாள். வராந்தாவில் எல்லாரும் சிரித்தார்கள். அமலா இரண்டு பின்னலையும் அவிழ்த்து, முடியை உதறிக் காட்டிவிட்டு, அடுத்த பீரியட் முழுவதும் விரித்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் என் கையில் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்ல விசயந்தான?" என்றார்.

"இன்னாப்பா நல்ல விசயம்? வாயத் தொறக்கச் சொல்றாங்க."

"தோ பாரு. சோதனை போட்றாங்கன்னா உள்ள மதிப்பான சரக்கு கீதுன்னு அர்த்தம். அரிசிக் கடையில எவனாவது தேடறானா? உன்ன ஒரு பெரிய எடத்துக்குள்ள உட்டுக்கீறாங்க. பெருமைப்படு."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். யாருடைய பெற்றோரும் பள்ளிக்குப் போய்க் கேட்கவில்லை. வேறு ஊராக இருந்தால் கேட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரில் தேடப்படுவது ஒரு தகுதி.

அதற்கு அடுத்த வாரம் கோபால் சார் என்னைக் கணினி அறைக்குப் போய்ச் சாக்பீஸ் டப்பா எடுத்துவரச் சொன்னார். அலமாரியில் இருந்தது. மூடியைத் திறந்து, நிறைய இருக்கிறதா என்று பார்த்தேன். துண்டுச் சாக்பீஸ்களுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு. பஞ்சுக்குள் உருண்டை. சாம்பல் நிறம், கோலிக்குண்டை விடப் பெரியது, கையில் கனத்தது. துடைப்பதற்காக அவரே கழற்றி அங்கே வைத்து மறந்திருக்கிறார். பஞ்சில் அழுக்குகூட இருந்தது.

மூடியை மூடினேன். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அமலா ஒரு தாளோடு வந்தாள். நோட்டிலிருந்து கிழித்த நடுப்பக்கம். மேலே 'கம்ப்யூட்டர் ரூம் ஷிப்ட் ரூல்ஸ்' என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் ஏறும்போது அடுத்த ஷிப்டிடம் வேலையை ஒப்படைக்கும் வழக்கத்தைப் பார்த்து எழுதியவை. எனக்கு இன்னும் மனப்பாடம்.

ஒன்று, ஷிப்ட் மாறும்போது முன்னவர் மெஷினைக் காட்டிப் பின்னவரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு, பின்னவர் மவுஸைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று, பொருள் குறைந்தால் கடைசிக் கையெழுத்துக்காரரை மட்டும் கேட்க வேண்டும். நான்கு, யாரையும் தொட்டுத் தேடக்கூடாது. ஐந்து, வாரத்தில் ஒரு நாளாவது துணியை எடுத்துவிட்டு எங்களை டைப் அடிக்க விட வேண்டும்.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, படிக்க முடியாதபடி அடித்திருந்தது.

"நீயும் வா மே. ரெண்டு பேரா போனா குட்ட மாட்டாங்க" என்றாள். போனேன்.

தலைமை ஆசிரியர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கோபால் சாரும் அங்கே இருந்தார். "இன்னா பாப்பா இது? யூனியன் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். ரூல்தான். எங்களத் தேடாதீங்க. நாங்களே ஒப்படைச்சி வாங்கிக்கிறோம்" என்றாள் அமலா.

"உங்கப்பங்க எல்லாம் கையத் தூக்கிக்கினுதான வெளிய வர்றாங்க? அவங்களுக்கு இல்லாத மரியாத உனக்கா?"

"அவங்க தங்கத்துல கைய வெக்கறாங்க சார். நாங்க இன்னும் துணியத்தான் பாத்துக்கினு கீறோம்."

கோபால் சார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற? உனக்கு எதாவது தெரியுமா?"

கேட்டது அவ்வளவு நேரான கேள்வி. அதே சாக்பீஸ் டப்பா கோபால் சாரின் கைக்கு எட்டும் தூரத்தில் மேசை மேல் இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

தேடுதல் அந்த ஆண்டு முழுவதும் நடந்தது. அமலா கணினி வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். அந்த நேரத்தில் தையல் வகுப்பில் உட்கார்ந்தாள். அடுத்த மாதம் கோபால் சார் என்னை லேப் லீடராக்கினார். சாவி என்னிடம். சனிக்கிழமைகளில் துணியை எடுத்துவிட்டு, துடைத்து, இயக்கிப் பார்க்கலாம். மற்றவர்கள் தொடையில் தட்டிய காலத்தில் நான் நிஜமான விசைகளைத் தட்டினேன். டிப்ளமோ சேர்க்கையில் கணினி கேட்டதும் அந்தத் துணிச்சலில்தான். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துதான் சாவி கொடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது. தெரியாது என்பது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது.

*

இந்த வருடம் சுரங்கங்களை மூடியபோது நான் இங்கே இருந்தேன். அப்பா போனில் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"கடைசி ஷிப்ட் ஏறி வந்தோம்மா. பழக்கத்துல கையத் தூக்கிக்கினு நின்னேன். கேட்ல இருந்த பையன், 'போங்க பெரியவரே, சும்மா போங்க'ன்னுட்டான். தேடவே இல்ல."

"நல்லதுதானப்பா."

"இன்னா நல்லது? உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆயிப்போச்சி இல்ல."

பிறகு பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் மூன்று நாளாக வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். முப்பத்தோரு வருடம் கையைத் தூக்கியவர். அவரை யாரும் ஒரு நாளும் 'உன்னைத் தேடலாமா' என்று கேட்டதில்லை; இனி தேடப்போவதில்லை என்பதையும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று அந்தச் சனிக்கிழமைதான், கெர்ரியிடம் பொய் சொல்லி இரண்டு நாள் கழித்து, எனக்குப் புரிந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

சேகரிடம் சொன்னேன். டப்பா விஷயத்தையும் சேர்த்து. முதல் முறையாக.

"இன்னாத்துக்கு உனக்கு இந்த வம்பு? ரெண்டு வாரம் வாய மூடிக்கினு இருந்தா வேலை பர்மனென்ட்டு" என்றார். "எங்க வார்டுலகூட சில பேஷண்ட்டுங்கள கேமராலதான் பாக்கறோம்."

"அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான பாக்கறீங்க?"

"ஆமா. கையெழுத்து வாங்கிக்கினு."

அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். பிறகு, "சரி, சொல்லிடு. வேலை போச்சின்னா என் ட்யூட்டி சட்டைக்கெல்லாம் நீதான் இஸ்திரி" என்றார்.

*

திங்கட்கிழமை இரண்டாம் பீரியட், கெர்ரியின் வகுப்பு. பாடம் எடுக்கும் இளம் ஆசிரியையிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தேன். நின்று பேசினால் என் ஆங்கிலம் நடுவழியில் தமிழாகிவிடும். ஆங்கிலத்தில் நடந்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

"வியாழக்கிழமை கெர்ரி என்னிடம் ஒன்று கேட்டாள். நான் பொய் சொன்னேன். உங்கள் முப்பது திரைகளும் அந்த அறையில் தெரியும். மென்பொருளை நிறுவியவள் நான்."

ஒரு பையன் உடனே திரையை அணைத்தான். இன்னொருவன், "போன வாரம் நான் விளையாடி ஜெயிச்சதை யாராவது பார்த்தீங்களா? ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றான். சிரித்தார்கள். கெர்ரி சிரிக்கவில்லை.

"என்னுடையதைப் படிச்சீங்களா?"

"மூன்று வரி."

"எந்த மூணு?"

"நாய்க்கு உடம்பு சரியில்லை என்பது வரை."

அவள் முகம் சிவந்தது. யோசித்தாள். "நாலாவது வரியைப் படிச்சிருந்தா நான் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன்."

அன்று மதிய இடைவேளையில் அவளும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். ஏன் இப்போது சொன்னேன் என்று கேட்டார்கள். எங்கள் ஊரைச் சொன்னேன். கையைத் தூக்குவதை, வாயைத் திறப்பதை.

"தங்கம் என்பதாலா?" என்றாள் கெர்ரி. "எங்க தாத்தா தோண்டினது வெள்ளீயம். யாரும் தேடினதில்லை. அதை எவன் திருடுவான்?"

அமலாவின் ஐந்து விதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். அவர்கள் தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் பேனாவை எடுத்து வரிகளை அடித்துத் திருத்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது விதி மடத்தனம் என்றாள் கெர்ரி. கடைசியில் கையெழுத்துப் போட்டவன் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதா? எது குறைந்தாலும் அந்த வகுப்பு சேர்ந்து பதில் சொல்லும் என்று மாற்றினார்கள். ஐந்தாவதைப் படித்து, கணினியைத் துணி போட்டு மூடுவார்களா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில், திரைகளைப் பார்க்கும் நாளில் கதவில் சிவப்பு அட்டை தொங்கவேண்டும், கடிதங்களைப் பெரிதாக்கக்கூடாது என்று எழுதினார்கள். நான்காவதை, தொட்டுத் தேடக்கூடாது என்பதை, யாரும் அடிக்கவில்லை. "இங்கே அப்படிச் செய்ய மாட்டாங்க. இருந்தாலும் இருக்கட்டும்" என்றான் ஒரு பையன்.

மிஸ்டர் பாஸ்கோ என்னை அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. என் முதல் குளிர்காலத்தில் தன் பழைய மேல்கோட்டைக் கொடுத்தவர்.

"சொல்ல வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேனே?"

"சொன்னீர்கள்."

"பிறகு?"

"அவள் என்னிடம் நேராகக் கேட்டாள்."

"பிள்ளைகள் ஆயிரம் கேட்பார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தை அவர்கள் சொல்லி நாம் நடத்துவதா?"

இந்த வாக்கியத்தை நான் முன்பே, வேறு சுருதியில், காலண்டர் தொங்கிய ஓர் அறையில் கேட்டிருக்கிறேன். "பதினொரு உருண்டையும் திரையில் தெரியாது, சார்" என்றேன். குறுந்தகடு கொடுத்த செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. பிள்ளைகள் விதிகள் எழுதிய தாளை அவர் முன் வைத்தேன். அதை அவர் துணை முதல்வருக்கு அனுப்பினார். எதிர்க் குறிப்போடுதான் அனுப்பினார், ஆனாலும் அனுப்பினார். துணை முதல்வர் நான்கு மாணவர்களையும் அழைத்து அரை மணி நேரம் பேசிவிட்டு, கிறிஸ்துமஸ் வரை நடத்திப் பாருங்கள் என்றார்.

டாக்டர் வீட்டு அம்மாவுக்குப் போன் செய்து, என்னால் பார்த்துச் சொல்ல முடியாது, அவனிடமே கேளுங்கள் என்றேன். "கேட்டாச் சொல்ற பிள்ளைன்னா உன்கிட்ட ஏன் கேக்குறேன்?" என்று வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

*

அமலாவின் மின்னஞ்சல் முகவரியை அப்பா விசாரித்து வாங்கித் தந்தார். எல்லாவற்றையும் எழுதினேன். டப்பா, பஞ்சு, உருண்டை, நான் பேசாமல் நின்றது, சாவி. பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை இன்டர்நெட் சென்டரிலிருந்து பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நான் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"ஏய், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு? சாக்பீஸ் டப்பா எனக்கும் தெரியும்டி. நீ கொண்டாந்த அன்னிக்கே அடுத்த பீரியட் கணக்கு டீச்சருக்கு அதுலதான் சாக்பீஸ் எடுத்தேன். நான் சொல்லியிருந்தா திருடுனவளே கொண்டாந்து போட்டுட்டான்னு சொல்லியிருப்பாங்க. அவுத்து உட்டது என் தலையத்தான? நீ சொன்னா நம்புவாங்க. நீ சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். ஆறாவது ரூல் ஒண்ணு எழுதினேன், பாத்தவங்க சொல்லணும்னு. அப்புறம் அடிச்சிட்டேன், உன்ன அப்படி நெருக்கக்கூடாதுன்னு. இப்ப டெய்லி ட்ரெயின்ல பெங்களூர் போறேன், கார்மென்ட்ஸ். வெளிய வர்றப்ப பையத் தொறந்து காட்டணும், கையத் தூக்கணும். உன் வெள்ளக்காரப் பசங்க கையெழுத்து நோட்டு ஒண்ணு அனுப்பு. எங்க சூப்பர்வைசர் மூஞ்சி எதிர்ல நீட்டறேன். இத நம்ம ஊர்க்காரங்க படிக்க எழுதினா என் பேர மாத்தாத."

எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி படித்தேன்.

மறுநாள் ஆறாவது விதியைக் கெர்ரியிடம் கொண்டுபோனேன். 'பார்த்தவர் சொல்ல வேண்டும்.' இதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். வகுப்பில் கை தூக்கச் சொல்லி வாக்கெடுத்தார்கள். சேர்க்கலாம் என்று ஏழு பேர். வேண்டாம் என்று இருபத்திரண்டு பேர்.

"அது காட்டிக்கொடுக்கிறது, மிஸ்" என்றாள் கெர்ரி. "யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்றவங்க தானா சொல்லணும்."

வாதாட நினைத்தேன். விதி எழுதும் உரிமை அவர்களுடையது என்றால், ஒரு விதியை வேண்டாம் என்பதும் அதில் அடங்கும். தாளை மடித்து வாங்கிக்கொண்டேன்.

*

இன்றைய நிலை இது.

பதினொரு உருண்டைகளில் ஏழு, ஒரு காலுறைக்குள் போட்டு என் மேசையில் வைக்கப்பட்டிருந்தன. வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. நான்கு இன்னும் வரவில்லை. அதில் ஒன்றை நாய் விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒப்படைப்பு நோட்டில் இதுவரை பதினான்கு பக்கம் நிறைந்திருக்கிறது. மென்பொருளை யாரும் நீக்கவில்லை. சிவப்பு அட்டை இரண்டு முறை தொங்கியது. ஒரு முறை, அட்டை இல்லாமலே மிஸ்டர் பாஸ்கோவின் திரையில் முப்பது கட்டங்களும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கெர்ரியின் குழுவிடம் சொன்னேன். அவர்கள் துணை முதல்வரிடம் போயிருக்கிறார்கள். என் மதிப்பீட்டுத் தாளில் 'அறிவுறுத்தல்களைப் பின்பற்றுகிறார்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். டாக்டர் வீட்டு அம்மா என்னோடு பேசுவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து அமலாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கதவில் ஐந்து விதிகள் ஒட்டியிருக்கின்றன. ஆறாவது அங்கே இல்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்களில் அந்த வகுப்பின் நாற்பத்திரண்டு பேரில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காக எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் காணாமல்போன மவுஸ் உருண்டையை நம்மில் யாரும் எடுக்கவில்லை. அது சாக்பீஸ் டப்பாவில் இருந்தது. நான் பார்த்தேன்.